கடைசியில் வருபவன் கயிற்றைச் சுற்ற வேண்டும்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இருமல் போய்விட்டது, மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை முதலில் எழுது. என்னைத் திட்டுவதை அடுத்த பக்கத்தில் வைத்துக்கொள்.

ஏன் போன் செய்வதில்லை என்று கேட்டிருந்தாய். போன தடவை பேசினோமே, அந்த லட்சணம் நினைவிருக்கிறதா? நீ ஒரு "ம்", நான் ஒரு "ம்". பாப்பா நடுவில் புகுந்து, "ரெண்டு பேரும் ஏன் மாடு மாதிரி ம்ம்னுக்கிட்டே இருக்கீங்க?" என்றாள். எழுதும்போது வார்த்தை வராவிட்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதனால் கடிதமே இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, ஒரு சினிமா ஸ்டுடியோவில். இரண்டு மாடி உயரத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டி, உள்ளே ஃபைபரில் பாறை செய்து குகை போட்டிருக்கிறார்கள். நீருக்கடியில் குகைக்குள் மாட்டிக்கொண்ட மூன்று டைவர்கள் உயிர் பிழைக்கப் போராடும் கதை. நடிகர்களுக்கு முங்கச் சொல்லிக்கொடுப்பதும், அவர்கள் நிஜமாகவே போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. ஹீரோ போன படத்தில் சுறாவைக் குத்திக் கொன்றவர். இங்கே இடுப்பளவு தண்ணீரில் ஏணியை விடமாட்டேன் என்கிறார். "சார், ஏணியும் உங்ககூட குகைக்குள்ள வருமா?" என்று கேட்டேன். மேனேஜர் என்னை முறைத்தார்.

அத்தான் போய்ப் பதினான்கு மாதம்தான் ஆகிறது, அதற்குள் இப்படி ஒரு படத்தில் போய் உட்கார்ந்திருக்கிறானே என்று உனக்குத் தோன்றும். எனக்கு வேறு தொழில் தெரியாது அக்கா. தெரிந்ததெல்லாம் அவர் கற்றுக்கொடுத்தது. வேண்டாம் என்று நீ ஒரு வரி எழுதினால் நாளைக்கே பெட்டியைக் கட்டிவிடுவேன்.

பாப்பாவின் இரண்டு கன்னத்துக்கும் ஒவ்வொரு முத்தம்.

உன் தம்பி

பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இரண்டு பேரும் சுகம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரித்தால் கதவில்லாத வீடு மாதிரி இருக்கிறாள். எனக்குக் குதிகால் வலி மட்டும்தான். நாள் முழுக்கத் தையல் கம்பெனியில் நின்றுகொண்டு சட்டைக் காலரைத் திருப்பினால் வேறென்ன வரும்? நீ மூன்று வேளை சாப்பிடுகிறாய் என்பதை நான் நம்பவில்லை.

வேலையை விடாதே. நீ ஓர் ஆண்டாக அறையை விட்டு வெளியே வராமல் கிடந்ததை நினைத்தால் இது எவ்வளவோ மேல். உன் அத்தான் இருந்திருந்தால் அந்த ஹீரோவை ஏணியோடு சேர்த்துத் தள்ளிவிட்டிருப்பார்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அன்று நடந்ததை அங்கே யாரிடமும் சொல்லாதே. நம் வீட்டுத் துக்கத்தை அவர்கள் டிக்கெட் போட்டு விற்க வேண்டாம்.

நீயும் தண்ணீரில் இறங்குகிறாயா, கரையில் நின்றுதான் சொல்லிக்கொடுக்கிறாயா? அதை எழுதவில்லையே.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் குதிகாலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை. நான் நன்றாக இருக்கிறேன். ஆமாம், தண்ணீரில் இறங்குகிறேன். தொட்டிதானே.

நீ சொன்னதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிட்டது. திட்டாமல் படி.

நடிகர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். குகைக்குள் நிரந்தரமாக ஒரு கயிறு போகும், கிளைக் குகைக்குள் வேறொரு கயிறு கிடக்கும், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், அந்த இடைவெளியில் நாங்கள் கொண்டுபோகும் சின்னக் கயிற்றைக் கட்டிப் பாலம் போடுவோம் என்று சொன்னேன். பாலத்தின் உள்முனையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் வில்லையை மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். திரும்பி வரும்போது சேறு கலங்கி ஒன்றும் தெரியாது, கை தடவித்தான் வர வேண்டும். அதனால் ஒவ்வொருவர் வில்லையிலும் ஒவ்வொரு மாதிரி வெட்டு இருக்கும். அவரவர் வில்லையை அவரவர்தான் எடுக்க வேண்டும். இன்னொரு வில்லை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது, கயிற்றைத் தொடக் கூடாது, அது போனால் அவனுக்கு வெளியே வர வழியில்லை. ஒன்றுமில்லை என்றால் கடைசி ஆள் நீதான், கயிற்றைச் சுற்றிக்கொண்டு வா. அத்தான் எனக்குச் சொன்ன அதே வார்த்தைகள்.

டைரக்டர் (தாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள்) நிமிர்ந்து உட்கார்ந்தார். "உள்ள ஆள் இருக்கும்போதே ஒருத்தன் சுத்திட்டா?" என்று கேட்டார். என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை. "நடந்திருக்கு சார்" என்று மட்டும் சொன்னேன். மறுநாளே கதையில் சேர்த்துவிட்டார்கள். படத்தில் அவன் பொறாமையில் வேண்டுமென்றே சுற்றுகிறான். அவன்தான் வில்லன்.

அக்கா, நம் இரண்டு பேருக்குள் ஒருநாளும் இதைப் பேசியதில்லை. அன்று சேற்றில் நாங்கள் பிரிந்துவிட்டோம். பாலத்துக்கு வந்தேன். என் வில்லை மட்டும் இருந்தது. அத்தான் எனக்கு முன்னால் போய்விட்டார் என்று நினைத்துச் சுற்றினேன். மேலே வந்து பார்த்தால் அவர் இல்லை. மாற்று சிலிண்டரோடு திரும்ப இறங்கியபோது சேறு சுவர் மாதிரி நின்றது. மூன்றாம் நாள் காற்று தங்கிய ஒரு பாறைப் பொந்தில் அவரை எடுத்தார்கள். ஒரு நாளாவது உயிரோடு இருந்திருப்பார் என்று டாக்டர் சொன்னதை நீயும் கேட்டாய். விசாரணையில் 'இறந்தவர் வில்லையை மாட்ட மறந்ததே காரணம்' என்று எழுதி மூடிவிட்டார்கள். எழுதியதால் என் கை சுற்றியது இல்லையென்று ஆகிவிடுமா?

பாப்பாவிடம் புதுப் பல் வந்ததும் எனக்கு ஒரு படம் வரைந்து அனுப்பச் சொல்.

தம்பி

மார்ச் 24 (அனுப்பாதது)

தம்பி,

உன் அத்தான் எதையும் மறக்கவில்லை.

மூன்று ஞாயிறாக அவர் வீட்டில் தங்கவில்லை. அன்று பாப்பாவுக்குக் காய்ச்சல். "இன்னைக்கு ஒரு நாள் போகாட்டி குகை எங்கயும் ஓடிடாது" என்றேன். "சாயங்காலம் வந்துடறேன்" என்றார். அவர் குளிக்கப் போனதும் பையைத் திறந்து அவருடைய வில்லையை எடுத்துப் பாப்பாவின் பழைய சாக்ஸுக்குள் போட்டு அலமாரியில் தள்ளினேன். வில்லை இல்லாமல் ஒருத்தனும் இறங்கக் கூடாது என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். கரைக்குப் போய்ப் பையைப் பார்ப்பார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வருவார், நான் சிரிப்பேன். அவ்வளவுதான் என் திட்டம்.

அவர் இறங்குவார் என்று எனக்குத் தெரியாதுடா. சத்தியமாகத் தெரியாது.

நீ தொட்டதில் ஒரு தவறும் இல்லை. அங்கே இருக்க வேண்டியது இங்கே என்னிடம் இருந்தது. பதினைந்து மாதமாக நீ உன்னைக் கொன்றுகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நான் காலர் திருப்பிக்கொண்டிருக்கிறேன். இதைப் படித்தபின் என்னை அக்கா என்று கூப்பிடுவாயா? பாப்பாவுக்குத் தெரிந்தால் அம்மா என்று

மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். வெந்நீர் வைத்தேன், கால் தேவலாம்.

உன் கடிதம் கிடைத்தது. நடந்தது நடந்துவிட்டது. நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. எங்கள் பிரிவுக்குப் புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்திருக்கிறார். தும்மினால்கூட மணி பார்க்கிறார். பாப்பா படம் வரைந்திருக்கிறாள், இத்துடன் வைத்திருக்கிறேன். நீலமாக இருப்பது தண்ணீர் இல்லையாம், உன் சட்டையாம்.

வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அக்கா

மே 2

அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். பாப்பாவின் படத்தைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். நீங்கள் நன்றாக இருந்தால் போதும்.

கயிறு சுற்றும் காட்சியைப் போன வாரம் எடுத்தார்கள். வில்லன் நடிகருக்குக் காது வலி. டூப் போட வந்தவனுக்குச் சுற்றத் தெரியவில்லை, நூல்கண்டு மாதிரி சிக்கலாக்கினான். "கை மட்டும்தான் தெரியும், நீங்களே பண்ணிடுங்க" என்றார் தாடி. நானும் மடையன் மாதிரி சரி என்றேன். ஏழு டேக். ஒவ்வொரு தடவையும் கட்டை அவிழ்த்துச் சுற்றினேன். ஏழாவதில் கை நின்றுவிட்டது. என்னைத் தூக்கி மேலே போட்டார்கள். "பிரமாதம், அந்த நடுக்கம் நல்லா வந்திருக்கு" என்று தாடி தட்டிக்கொடுத்தார்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஜூன் கடைசியில் வேலை முடிகிறது. அந்தக் குகைக்குப் போகப் போகிறேன். அத்தான் இருந்த பொந்து வரைக்கும் யாரும் அவிழ்க்க முடியாதபடி ஒரு கயிறு கட்டிவிட்டு வர வேண்டும். துணைக்கு யாரையும் கூட்டிப் போக மாட்டேன். என்னோடு வருவதற்கு எவனுக்குத் தைரியம் இருக்கும்?

தம்பி

மே 9

என் தம்பிக்கு,

போகாதே. உன் காலில் விழுகிறேன், போகாதே.

மார்ச்சில் உனக்கு ஒரு கடிதம் எழுதி, அனுப்ப மனம் வராமல் அலமாரியில் வைத்திருந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். பாதியில் நிற்கிறது, முடிக்கத் தெரியவில்லை. அதைப் படி. படித்தபின் உனக்குக் குகையில் வேலை இல்லை என்று புரியும். கோபம் இருந்தால் இங்கே வந்து என்மேல் காட்டு.

நான் கோழை. நீ எங்கே என்னை விட்டுவிடுவாயோ என்று பயந்து உன்னைப் பலி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் எழுது.

அக்கா

ஜூன் 1

தம்பிக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. ஸ்டுடியோவுக்குப் போன் செய்தேன். "தண்ணில இருக்கார்" என்றான் எடுத்தவன். எனக்கு உயிரே போய்விட்டது. தொட்டியில்தான் என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் இங்கே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

திட்டியாவது எழுது. ஒரு வரி போதும். பாப்பாவுக்குப் புதுப் பல் முளைத்துவிட்டது.

அக்கா

ஜூன் 14

அக்கா,

நீ இன்னும் எனக்கு அக்காதான். முதலில் அதைத் தெரிந்துகொள்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பதில் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு பொய்தான் வந்தது. இப்போது நிஜத்தை எழுதுகிறேன்.

நீ ஒளித்தது எனக்கு அன்றைக்கே தெரியும்.

கரையில் அத்தான் பையைக் கவிழ்த்துக் கொட்டித் தேடினார். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "உங்கக்கா வேலைடா இது. காலைலேருந்து மூஞ்சி சரியில்ல. எடுத்து ஒளிச்சு வச்சுட்டா கெட்டிக்காரி. நடடா, வீட்டுக்குப் போலாம்" என்றார். ஆமாம் அக்கா, அவர் திரும்பிவிடலாம் என்றுதான் சொன்னார். நான்தான், "இவ்வளவு தூரம் வந்துட்டு சும்மா போறதா அத்தான்? ஏதாவது ஒண்ணை மாட்டிட்டுப் போலாம்" என்றேன். பழைய ரப்பர் குழாயில் ஒரு துண்டு வெட்டினார். "இன்னைக்கு இதுதான் என் வில்லை. மறந்துடாதே" என்றார். "என்னைப் பாப்பான்னு நினைச்சீங்களா?" என்று கேட்டேன்.

பாலத்தில் அவர் அதைக் கட்டியதை நான் பார்த்தேன். திரும்பி வரும்போது காற்று குறைந்துகொண்டிருந்தது, பயத்தில் மூளை வேலை செய்யவில்லை. எட்டு வருடமாக என் விரல் தேடிப் பழகியது வெட்டுள்ள அவருடைய பிளாஸ்டிக் வில்லையை. அது இல்லை. ரப்பர் என் விரலில் பட்டது அக்கா. ஏதோ குப்பை என்று ஒதுக்கிவிட்டு அவிழ்த்தேன். மேலே வந்து முகமூடியைக் கழற்றும்போதுதான் அது என்னவென்று உறைத்தது.

விசாரணையில் 'மறந்துட்டார்' என்று சொன்னவன் நான். உன் பேர் வெளியே வரக் கூடாது என்று சொன்னதாக இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். பாதிதான் அது. மீதிப் பாதி, நான் தப்பிக்கச் சொன்னது.

நீ என்னைக் காப்பாற்ற எழுதினாய். காப்பாற்ற ஒன்றுமில்லை. குகையைப் பற்றி இப்போது எதுவும் கேட்காதே.

தம்பி

ஜூன் 23

தம்பிக்கு,

பாப்பா சுகம். என்னைப் பற்றிக் கேட்காதே.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்த அன்று உன்னை வெறுத்தேன். இரண்டு நாள் வெறுத்தேன். அவர் வீட்டுக்கு வரத்தான் கிளம்பினார். என் திட்டம் பலித்துவிட்டது, நீதான் கெடுத்தாய் என்று தலையணையைக் குத்தினேன். 'அக்கா, உன்மேல் தப்பில்லை' என்று நீ எழுதுவாய் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அந்த ஆசையோடுதான் உனக்கு உண்மையைச் சொன்னேன் என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

மூன்றாம் நாள் வெறுக்கவும் தெம்பில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசை. இன்றைக்கு வரவில்லை. வராததை எழுதி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் நீயும் போய்விட்டால் அவர் எப்படிச் சிரித்தார் என்று எனக்குச் சொல்ல இந்த உலகத்தில் ஆள் கிடையாது. அதை யோசித்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போ.

அக்கா

ஜூலை 30

அக்காவுக்கு,

குகைக்குப் போனேன். கரையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை. இரண்டு பஸ் மாறித் திரும்பிவிட்டேன்.

இப்போது ஒரு நீச்சல் குளத்தில் வேலை. மருந்து போட்டுத் தண்ணீரைச் சுத்தம் செய்ய வேண்டும், முழங்கால் வலிக்காரர்களை நடக்க வைக்க வேண்டும். ஆழம் நாலடி. ஒருத்தரும் முங்குவதில்லை, முங்க விடுவதும் இல்லை. உடம்பு பரவாயில்லை.

படம் அக்டோபரில் வருகிறதாம். நீங்கள் இரண்டு பேரும் பார்க்க வேண்டாம்.

தம்பி

அக்டோபர் 19

அன்புள்ள தம்பிக்கு,

நானும் பாப்பாவும் உடம்புக்கு நன்றாகத்தான் இருக்கிறோம். உன் முழங்கால்காரர்கள் எல்லோரும் நடக்கிறார்களா?

நீ வேண்டாம் என்றாய், கேட்கவில்லை. பாப்பா பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளிடமும் 'எங்க மாமா படம்' என்று பெருமை அடித்துவிட்டு வந்து ஒரே பிடியாக நின்றாள். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிக்குக் கூட்டிப் போனேன்.

அந்தக் கை வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. உன் கட்டைவிரலை எனக்குத் தெரியாதா? அது கட்டை அவிழ்க்கிறது. பக்கத்துச் சீட்டுக்காரர், "பாவிப்பய, நல்லா இருப்பானா இவன்" என்று சத்தமாகச் சொன்னார். தியேட்டரே திட்டியது. எழுந்து நின்று, 'அவன் அப்படிப்பட்டவன் இல்லை, வாயை மூடுங்க' என்று கத்த வேண்டும் போலிருந்தது. இருட்டில் உட்கார்ந்து அழுதேன். ஜூனில் எழுத வராதது அப்போது வந்துவிட்டதுடா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் என்று நினைத்துக்கொண்டுதான் எழுத ஆரம்பித்தேன்.

படத்தில் மூன்று பேரையும் உயிரோடு வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பாப்பா தட்டவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, "நம்ம அப்பாவுக்கு மட்டும் ஏம்மா யாரும் வரல?" என்றாள்.

எத்தனை நாள் மறைப்பது? சொல்லிவிட்டேன். அங்கேயே நின்று, அவளுக்குப் புரிகிற மாதிரி. அம்மா ஒளித்து வைத்ததை, அப்பா ரப்பர் கட்டியதை, மாமா தெரியாமல் அவிழ்த்ததை, எல்லாவற்றையும். இரண்டு பஸ் போய்விட்டது. அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா அங்க தனியா இருந்தப்ப நம்ம மேல கோவமா இருந்தாராம்மா?"

"தெரியலடி" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் கேட்கிறாள். நான் தினமும் அதையேதான் சொல்கிறேன். நீ வா. கரையில் அவர் என்ன சொன்னார், எப்படிச் சிரித்தார் என்று உன் வாயால் அவளுக்குச் சொல். உள்ளே இருந்த அந்த ஒரு நாளைப் பற்றியும் கேட்பாள். அதற்கு உன்னிடமும் பதில் கிடையாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் வா. அவள் கேட்கும்போது நாம் இரண்டு பேருமே அவள் எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எந்த பஸ் என்று மட்டும் எழுது. நாங்கள் வந்து நிற்கிறோம்.

உன் அக்கா